கண்ணாடி அறையில் குடியிருப்பது

ஆங்கில நாவல்கள் படிக்கிறவர்களுக்கு ‘கன்ஸர்வேடரி’ என்ற வார்த்தை பழக்கமானதுதான். மாளிகையின் வரவேற்பறையை ஒட்டி, கூரையும் சுவர்களும் கண்ணாடியாலேயே அமைந்த அறை அது. குளிர் தேசத்தில் ஆரஞ்சுச் செடியும் பனையும் செத்துப் போகாமல் இருக்கக் கட்டப்பட்டது. மனிதர்கள் அங்கே போவார்கள், சிறிது உலாவுவார்கள், திரும்பி வந்துவிடுவார்கள். குடியிருக்கிற உத்தேசம் யாருக்கும் இருந்ததில்லை.

இப்போது அந்த உத்தேசம் வந்திருக்கிறது. சென்ற நூற்றாண்டின் கடைசி இருபது வருஷங்களில் இங்கிலாந்தின் நடுத்தரக் குடும்பத்துச் சிறு வீடுகளிலும் பின்புறத்தில் ஒரு கண்ணாடி அறை முளைத்தது. பிளாஸ்டிக் சட்டம், பாலிகார்பனேட் கூரை. ஜனவரியில் அதில் உட்கார முடியாது, ஜூலையிலும் முடியாது. ஆகவே கூரையைப் பிரித்து, ஓடு வேய்ந்து, வெப்பம் கடத்தாத பலகைகளை உள்ளே அடைத்து, பன்னிரண்டு மாதமும் வசிக்கிற அறையாக மாற்றிக்கொள்கிறார்கள். இது நல்ல காரியமா என்பதற்குக் கட்டடக்காரரிடம் ஒரு பதில் இருக்கும். நாவல் படிக்கிறவனிடமும் ஒன்று உண்டு.

ஜார்ஜ் எலியட்டின் ‘தி மில் ஆன் தி ஃபிளாஸ்’ (1860) நாவலை எடுத்துக்கொள்ளலாம். தாயின் சகோதரி மகள் லூஸியை மணக்கப் போகிறவன் என்று எல்லோரும் எண்ணியிருக்கும் ஸ்டீஃபனோடு, நடன விருந்தின் நடுவே மாகி கன்ஸர்வேடரிக்குள் நடக்கிறாள். ஒரு ரோஜாவுக்காகக் கை நீட்டுகிறாள். அவன் அந்தக் கையில் முத்தமிட்டுவிடுகிறான். அவள் கொதித்துப் போகிறாள். ஸோலாவின் ‘லா க்யூரே’ (1872) நாவலில் பாரிஸ் மாளிகை ஒன்றின் உஷ்ணச் செடி வீட்டில், ரெனே தன் கணவனின் முதல் தாரத்து மகனோடு கூடுகிறாள். வரவேற்பறையில் நடக்க முடியாததை இரண்டு ஆசிரியர்களும் கண்ணாடிக்குள் நடத்துகிறார்கள். அந்த அறை வீடும் அல்ல, தோட்டமும் அல்ல. வீட்டின் சட்டம் அங்கே பாதிதான் செல்லும். ஆனால் ஒரு கதவு இருக்கிறது. பாத்திரங்கள் அந்தக் கதவு வழியே திரும்பி வந்து கணக்குத் தீர்க்க வேண்டியிருக்கிறது.

கண்ணாடி அறையை வாசஸ்தலமாகவே ஆக்கிக்கொண்டவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான்: ரேமண்ட் சாண்ட்லரின் ‘தி பிக் ஸ்லீப்’ (1939) நாவலில் வரும் ஜெனரல் ஸ்டெர்ன்வுட். ஆர்க்கிட் செடிகளுக்கு நடுவே, சக்கர நாற்காலியில், போர்வைக்குள் கிடக்கிறார். அவரைப் பார்க்க வந்த துப்பறிபவன் வியர்த்துக் கோட்டைக் கழற்றுகிறான். கிழவருக்கு அந்தச் சூடு தேவைப்படுகிறது. பாதி செத்தவர்தான் அங்கே வருஷம் முழுவதும் இருக்க முடியும் என்கிறார் சாண்ட்லர். இதை வெறும் வர்ணனை என்று தள்ளிவிடக் கூடாது. செடிக்கு ஏற்ற உஷ்ணம் வேறு, மனிதனுக்கு ஏற்றது வேறு.

கண்ணாடியைக் கண்ணாடியாகவே வைத்துக்கொண்டு வெப்பத்தை வாங்கிக் கொட்டினால் என்ன ஆகும் என்பதற்குச் சரித்திரமும் சாட்சி சொல்கிறது. சாட்ஸ்வொர்த்தில் ஜோசப் பாக்ஸ்டன் 1836 முதல் 1840 வரை கட்டிய பெரிய கண்ணாடி மாளிகைக்கு எட்டுக் கொதிகலன்கள், ஏழு மைல் நீளக் குழாய்கள். முதல் உலக யுத்தத்தில் நிலக்கரி கிடைக்கவில்லை, செடிகள் மடிந்தன. 1920ல் கட்டடத்தையே தகர்த்துவிட்டார்கள். பிரபுவுக்கே கட்டுப்படியாகாதது ஓய்வூதியக்காரருக்கு எப்படிக் கட்டுப்படியாகும்? ஒற்றைக் கண்ணாடி, உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் சதுர மீட்டருக்கு ஐந்து வாட்டுக்கு மேல் வெப்பத்தை வெளியே விடுகிறது. நன்றாக அடைத்த கூரை 0.2 வாட்டுக்கும் குறைவாகவே விடும். ஆகவே கூரையை மாற்றச் சொல்லும் கட்டடக்காரர் சொல்வது நியாயம்தான்.

இங்கிலாந்தின் கட்டட விதிகள் நாவலாசிரியர்களைப் போலவே கதவை மதிக்கின்றன என்பது எனக்குப் பிடித்த விஷயம். தரைமட்டத்தில், முப்பது சதுர மீட்டருக்குள் அமைந்த கன்ஸர்வேடரிக்குப் பல விதிகளிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் வீட்டுக்கும் அதற்கும் நடுவே வெளிவாசலுக்குப் போடுகிற தரத்தில் கதவு இருக்க வேண்டும். கதவை எடுத்துவிட்டால் அந்த விலக்கும் போய்விடும். பலர் செய்கிற தவறு இங்கேதான். கண்ணாடிக் கூரை அப்படியே இருக்கும். கதவை மட்டும் கழற்றி, ‘வீடு விசாலமாகிவிட்டது’ என்பார்கள். வீட்டின் உஷ்ணமெல்லாம் அந்த வழியே ஓடிவிடும். உள்ளதும் போய், புதியதும் வராத நிலை.

என் அபிப்பிராயம் இதுதான். குழந்தைக்குப் படிக்க இடமில்லை, வயதான தாயாருக்குப் படுக்க இடமில்லை என்றால், தாராளமாகக் கூரையை மாற்றுங்கள். ஆனால் அரைகுறையாகச் செய்யாதீர்கள். செய்த பிறகு அதைக் கன்ஸர்வேடரி என்று அழைக்காதீர்கள். அது நல்ல அறை, அவ்வளவுதான். தலைக்கு மேலே மேகம் நகர்வதும், மழை கண்ணாடியில் விழும் ஓசையும் அதோடு போய்விட்டன. இடத் தட்டுப்பாடு இல்லாத வீட்டுக்காரருக்கு நான் சொல்லக்கூடியது வேறு. அறையை அப்படியே விட்டுவையுங்கள். மார்ச் மாதத்து வெயிலில் ஒரு சால்வையைப் போர்த்திக்கொண்டு ஒரு மணி நேரம் போய் உட்காருங்கள். குளிர ஆரம்பித்ததும் உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொள்ளுங்கள்.