விரல்நுனியில் எடுத்த அளவு எங்கே போகிறது?

கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5 அன்று ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கப்பட்டது முதல், தமிழ்நாட்டில் சர்க்கரைப் பரிசோதனை வீட்டுத் திண்ணைக்கே வருகிறது. மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் விரலில் குத்தி, முதல் துளியைத் துடைத்துவிட்டு, அடுத்த துளியை ஸ்டிரிப்பில் தொடவைக்கிறார். சில நொடிகளில் எண் வந்துவிடும். அதைச் செல்போன் செயலியில் பதிகிறார்.

இலங்கையில் மக்கள்தான் போக வேண்டும். 2011இல் தொடங்கிய எச்.எல்.சி. எனப்படும் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களில் 35 வயதைக் கடந்தவர்களுக்குச் சர்க்கரை, பிரஷர், எடை எல்லாம் இலவசமாகப் பார்க்கிறார்கள். அளவைக் கையால் எழுதுகிறார்கள். நோய் உறுதியானவர்களுக்குக் கிளினிக் கொப்பி துணை. மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்குப் போனாலும் அது கூடவே போகும். புது டொக்டர் பக்கங்களைப் புரட்டினால் பழைய அளவுகள் வரிசையாகத் தெரியும். இந்தப் பழக்கத்தை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் கொப்பி தொலைந்தால் அத்தனையும் போயிற்று. கிளினிக்குக்கு வருவதை நிறுத்தியவர் யார் என்று கொப்பி யாருக்கும் சொல்லாது.

செயலி சொல்லும். தமிழ்நாட்டு முறையின் பெரிய பலம் அதுதான்: மருந்து வாங்காமல் விட்டவரின் கதவைத் தேடிப் போகலாம்.

இரண்டு ஊரிலும் ஒரே இடத்தில்தான் ஓட்டை. குளுக்கோமீட்டர் 218 காட்டுகிறது. எழுதும் கையோ தட்டும் கையோ 128 என்று பதிந்துவிடுகிறது. சாப்பிட்ட பிறகு எடுத்த அளவென்றால் 128 யாரையும் உறுத்தாது. அந்த ஆள் ‘பரவாயில்லை’ என்ற கணக்கில் சேர்ந்துவிடுவார். கருவிக்குள் சரியான எண் நேரத்தோடு பதிவாகித்தான் இருக்கும். அதை யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. பேட்டரி மாற்றியபோது கடிகாரத்தைத் திருத்தாமல் விட்டால் அந்த நேரமும் தப்பு.

பெரிய தனியார் ஆஸ்பத்திரிகளின் வார்டுகளில் இதற்குத் தீர்வு வந்துவிட்டது. நர்ஸ் தன் அடையாள அட்டையையும் நோயாளியின் கைப்பட்டையையும் ஸ்கேன் செய்கிறார். அளவு தானாகவே கோப்புக்குப் போகிறது. கன்ட்ரோல் திரவத்தால் கருவியைச் சோதிக்காவிட்டால், அடுத்த நோயாளியைப் பார்க்கவே அது மறுத்துவிடும். எந்த லாட் ஸ்டிரிப் என்பதும் பதிவாகும். இதைச் செலவு மிகுந்த ஆடம்பரம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கோவா நிறுவனம் செய்த ட்ரூநாட் காசநோய்க் கருவி பேட்டரியில் ஓடுகிறது, முடிவைக் கம்பியில்லாமல் அனுப்பவும் செய்கிறது. 2020இல் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையும் பெற்றது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் அது முடியுமென்றால் குளுக்கோமீட்டரிலும் முடியும்.

இலங்கைக்கும் திறமை குறைவில்லை. 2020 தொடக்கத்தில், கொரோனா கண்காணிப்புக்கு டி.எச்.ஐ.எஸ்.2 என்ற சுகாதாரத் தகவல் மென்பொருளை உலகில் முதலில் திருத்தி அமைத்தவர்கள் அங்குள்ளவர்களே. பிற நாடுகள் அதைப் பின்பற்றின. அளவை அனுப்பும் கருவிகளும், நாடு முழுவதும் ஒருவருக்கு ஒரே சுகாதார எண்ணும்தான் வேண்டும். இந்தியாவில் ‘ஆபா’ என்ற 14 இலக்கச் சுகாதார எண் இருக்கிறது. ஆனால் குளுக்கோமீட்டர் அதைக் கேட்பதில்லை.

தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகமும் இலங்கையின் மருத்துவ வழங்கல் பிரிவும் அடுத்த கொள்முதலில் ஸ்டிரிப் விலையோடு இன்னொன்றையும் நிபந்தனையாக்கலாம்: அளவும் நேரமும் ஆளின் எண்ணும், கை படாமல், எந்த மென்பொருளுக்கும் போகும்படி கருவி இருக்க வேண்டும். கொப்பியில் எழுதுவதும் தொடரட்டும். நோயாளியின் கையில் ஒரு பிரதி இருந்தே ஆக வேண்டும்.