முழக்கமும் பொருளும்: சிங்கப்பூர் 'ருத்ரா' இசைக்குழு பற்றிய ஒரு திறனாய்வு

இராஜபாளையத்தின் நூற்பாலைகளையும், அதனை அடுத்த சத்திரப்பட்டியில் மருத்துவக் கட்டுத்துணி நெய்யும் விசைத்தறிக் கூடங்களையும் அறிந்த ஆயர்கள், இயந்திர ஓசையினிடையே வாழ்வது இன்னதென்பதை அறிவர். தறிக்கூடத்தில் பேசுவோர் குரலை உயர்த்தியே பேசுவர். வீடு திரும்பிய பின்னும் அவ்வோசை செவியை விட்டு அகலாது. அத்தகைய குடும்பமொன்றிலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குச் சென்று, விடுமுறையில் ஊர் வந்திருந்த இளைஞர் ஒருவர் ஆராதனை முடிந்ததும் நம்மை அணுகினார். அன்றைய அருளுரையில் நாம் இக்கால முழக்க இசை முழுவதையும் பேயின் கூச்சல் என்று கண்டித்திருந்தோம். "ஐயா, இதைக் கேட்டுவிட்டுக் கண்டியுங்கள்" என்று கூறி, 'ருத்ரா' என்னும் குழுவின் இசைத்தொகுப்பு ஒன்றை நம் கையில் கொடுத்தார். கேளாமலே தீர்ப்புரைத்த குற்றம் நம்முடையது. கேட்டபின் எழுந்த சிந்தனைகளையே இங்கு எழுதுகிறோம்.

'ஹெவி மெட்டல்' எனப்படும் இவ்விசை தொழிற்சாலையின் அயலில் பிறந்தது. இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் தோன்றிய 'பிளாக் சபாத்' குழுவின் முதல் தொகுப்பு 1970-இல் வெளிவந்தது. அக்குழுவின் கித்தார் கலைஞர் டோனி அயோமி, இளமையில் உலோகத் தகட்டுத் தொழிற்சாலையில் பணிபுரிந்தபோது இரு விரல்களின் நுனிகளை இயந்திரத்தில் இழந்தவர். செயற்கை உறை அணிந்த விரல்களுக்கு இசையுமாறு அவர் தந்திகளைத் தளர்த்தி மீட்டினார். அவ்விசையின் தாழ்ந்து கனத்த ஒலிக்கு இதுவும் ஒரு காரணமாயிற்று. ஆலைத் தொழிலாளர் வாழும் ஊரில் ஊழியம் செய்கிற நமக்கு இச்செய்தி அந்நியமானதன்று.

இவ்விசை மரபைத் தமிழர் கையிலெடுத்ததற்குச் சிங்கப்பூர் 'ருத்ரா' சிறந்த சான்றாகும். 1992-இல் தோன்றிய இக்குழுவின் பாடகரும் ஆழ்சுருதிக் கித்தார் கலைஞருமாகிய கதிர் அதன் கருத்தாக்கத்திற்குத் தலைமை தாங்கி வந்திருக்கிறார். 1998-இல் குழுவின் பெயரையே தாங்கிய முதல் தொகுப்பு வெளிவந்தது. 2001-இல் 'தி ஆரியன் குருசேட்', 2003-இல் 'குருக்ஷேத்ரா' என்பன தொடர்ந்தன. 2005, 2009, 2011 ஆகிய ஆண்டுகளில் 'பிரம்மவித்யா' என்னும் பொதுத் தலைப்பில் மூன்று தொகுப்புகளும், 2013-இல் 'ருதம்' என்னும் வேதச் சொல்லைத் தலைப்பாகக் கொண்ட தொகுப்பும், 2016-இல் 'இருமையின் பகைவன்' எனப் பொருள்படும் ஆங்கிலத் தலைப்புடைய தொகுப்பும் வந்தன. ஆங்கிலப் பாடல்களோடு வடமொழி ஓதலை இணைத்து, தம் இசையை 'வேத மெட்டல்' என்று இவர்கள் அழைத்தனர். சிங்கப்பூர் இசை ஆய்வாளர் யூஜின் தைரியநாதன், அந்நாட்டுத் தென்னிந்தியரின் அடையாளச் சிக்கலோடு இணைத்து இவ்விசையைப் பற்றி 2009-இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். ஆயினும், இசையுலகின் பெருவழியில் இவர்கள் பெயர் இன்றும் பலர் அறியாததே.

இவ்வரலாற்றில் ஒரு வளர்ச்சி தெரிகிறது. முதலில் வேதத்தின் புயல் தெய்வமாகிய ருத்திரனின் பெயர், அடுத்துப் போர்க்களம், அதன்பின் மெய்யறிவு. சினத்தை முழங்குதற்கென்றே பலர் கையாண்ட ஓர் இசை வடிவத்தில், உபநிடதம், கீதை ஆகியவற்றின் போதனையை ஆண்டுக்கணக்கில் இடைவிடாது பாடியது எளிய செயலன்று. இளைஞர் கனமான கோட்பாட்டைக் கேளார் என்று கருதி, நம் வாலிபர் கூட்டங்களுக்கு மெல்லிய பாடல்களையும் அதனினும் மெல்லிய அருளுரைகளையும் ஆயத்தம் செய்கிற நாம் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

எனினும் குறைகளையும் கூறுதல் திறனாய்வின் கடமை. முதலாவது, கேட்டல் பற்றியது. அடித்தொண்டையிலிருந்து உறுமும் குரலில் பாடப்படும் சொற்களை அச்சிட்ட ஏட்டின் துணையின்றிப் பின்தொடர்வது அரிது. கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 14-ஆம் அதிகாரத்தில், விளங்காத பதினாயிரம் சொற்களினும் விளங்கும் ஐந்து சொற்களையே சபையில் தாம் விரும்புவதாகப் பவுலடியார் கூறுகிறார். போதனையை நோக்கமாகக் கொண்ட எவ்விசைக்கும் இவ்வளவுகோல் பொருந்தும். ஆனால் இவ்வளவுகோலால் முதலில் அளக்கப்பட வேண்டியவர்கள் நாமே. ஒலிபெருக்கியை உச்சத்தில் வைத்துப் பாடலின் சொல்லை மூழ்கடிக்கும் ஆராதனைகள் நம் ஆலயங்களிலும் உள்ளன.

இரண்டாவது, மொழி பற்றியது. ஆங்கிலமும் வடமொழியும் இக்குழுவின் குரலாக அமைய, தமிழர் தலைமையேற்ற இசையில் தமிழுக்கு முதன்மை இல்லை. 'ஆரிய' என்னும் சொல்லுக்கு மேன்மை என்னும் பழம்பொருள் உண்டென்பது உண்மையே. ஆயினும் அது தமிழ்நாட்டில் எத்தகைய வரலாற்றைச் சுமந்து நிற்கிறது என்பதை நாம் அறிவோம். அதனோடு சிலுவைப் போரைக் குறிக்கும் சொல்லையும் சேர்த்தபோது, காயமுற்ற இரு நினைவுகள் ஒரே தலைப்பில் கூடிவிட்டன. அதே வேளையில் வேறொன்றையும் நேர்மையோடு குறிப்பிட வேண்டும். வேதத்தை ஓதவும் கேட்கவும் பலருக்கு உரிமை மறுத்த மரபு இந்நாட்டில் இருந்தது. அவ்வோதலை, மதில்களின்றி, எவரும் கேட்கும் பொதுமேடையில் பறையறைவது போல் முழங்குவது அம்மறுப்புக்கு ஒரு விடையாகவும் அமைகிறது.

மூன்றாவது குறையே இறையியலின் மையத்தைத் தொடுவது. 'பிரம்மவித்யா' தொகுப்புகள் மூன்றின் ஆங்கிலத் தலைப்புகளும் 'நான்' என்னும் சொல்லில் முடிகின்றன: ஆதியாகிய நான், அனைத்தையும் கடந்த நான், அனைத்தினுள்ளும் உறையும் நான். நாம் கடவுளைக் குறித்துக் கூறும் கடந்த நிலை, உள்ளுறை நிலை என்னும் சொற்களையே இவர்கள் ஆன்மாவின்மேல் ஏற்றுகின்றனர். இது ஆணவப் பேச்சு என்று ஒதுக்கிவிடுதல் தவறு. அத்வைதம் கூறும் 'நான்' சிறுமனிதனின் அகந்தை அன்று. அகந்தை கரைந்தபின் எஞ்சுவதாக அது கூறும் மெய்ப்பொருள். ஆனால் அந்த 'நான்' முழுமை பெறும் இடத்தில் 'நீ' என்று அழைப்பதற்கு எவரும் எஞ்சுவதில்லை. கீதையில் கண்ணனும் பார்த்தனும் உரையாடுகின்றனர். இருமையைப் பகையாகக் கொள்ளும் நோக்கோ அவ்வுரையாடலையும் இறுதியில் ஒருமைக்குள் அடக்கிவிடுகிறது.

இங்கு இராஜபாளையத்திற்கு அருகிலுள்ள திருவில்லிபுத்தூர் நம் நினைவுக்கு வருகிறது. ஆண்டாளின் திருப்பாவை 30 பாசுரங்களில் 6 முதல் 15 வரையுள்ள பத்தும் தோழியரை வீடு வீடாகச் சென்று துயிலெழுப்புவன. உறங்குகிறவளை விட்டுவிட்டுத் தனியே இறைவனிடம் செல்ல அப்பாவைக்கு மனமில்லை. இறைவனை 'நீ' என்று அழைப்பதற்கு முன் அண்டை வீட்டாளை 'நீ' என்று அழைக்கும் பக்தி அது. மார்கழி விடியலில் அத்தெருக்களில் நடந்து செல்லும் எவரும், பொருள் விளங்கும் தமிழில் அதனைக் கேட்கலாம்.

பாளையங்கோட்டையிற் பிறந்த பேராயர் ஏ. ஜே. அப்பாசாமி (1891–1975) இவ்வினாவோடு நெடுநாள் போராடியவர். 1927-இல் வெளிவந்த தம் நூலில் கிறிஸ்தவத்தைப் பக்தி மார்க்கமாக அவர் விளக்கினார். தாமும் பிதாவும் ஒன்றே என்று இயேசு கூறியதை அத்வைத ஐக்கியமாகக் கொள்ளாமல், அன்பிலும் சித்தத்திலும் ஒன்றியிருத்தலாகக் கொண்டார். அதற்கு இராமானுசரின் சிந்தனையிலிருந்து துணை தேடினார். அன்புக்கு இருவர் வேண்டும். கலாத்தியருக்கு எழுதும் பவுலும் தம் 'நான்' சிலுவையில் அறையுண்டதென்கிறார். ஆயினும், தம்மை நேசித்துத் தமக்காகத் தம்மையே ஒப்புக்கொடுத்த ஒருவரை அதே வசனத்தில் சுட்டுகிறார். நமக்கும் 'ருத்ரா'வுக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. முழக்கத்தைப் பற்றிய வழக்கில் அது மறைந்துபோகலாகாது.

இசை வடிவத்தைக் கொண்டே தீர்ப்புரைப்பது திருச்சபைக்குப் புதிதன்று. தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகளும் அவர் காலத்து மிஷனரிமார் சிலரால் ஆராதனையிலிருந்து விலக்கப்பட்டன. இன்று அவையே நம் முன்னோர் சொத்தென்று போற்றப்படுகின்றன. 'ருத்ரா'வின் இசையை ஆலயத்துள் கொண்டுவர வேண்டுமென்று நாம் கூறவில்லை. அதனைக் கேட்கும் இளைஞனை ஆலயத்திற்கு வெளியே தள்ளிவிட வேண்டாம் என்றே வேண்டுகிறோம்.

1854 முதல் வடதிருநெல்வேலிச் சிற்றூர்களில் கூடாரமிட்டு ஊழியம் செய்து, 1858-இல் சிவகாசியில் உயிர்நீத்த ராக்லண்டு ஐயர், மக்கள் வந்து சேரட்டும் என்று பங்களாவில் காத்திருந்தவரல்லர். இன்றைய இளைஞனின் கூடாரம் அவன் செவியில் பொருத்திய சிறு கருவியினுள் இருக்கிறது. இறையியல் மாணவர்கள் அதனுள் சென்று அமர்ந்து, அவனோடு பாடலின் சொற்களை வாசித்து, இப்பாடலில் 'நான்' யார், 'நீ' யார், அயலான் எங்கே என்று கேட்பார்களாக. நம் பாடல்களைப் பற்றியும் அவன் அதே வினாக்களைக் கேட்பான். அதற்கும் நாம் ஆயத்தமாக இருத்தல் வேண்டும்.

அவ்விளைஞர் சிங்கப்பூர் திரும்புமுன் தொகுப்பை அவரிடம் ஒப்படைத்தோம். இசை நமக்குப் பிடித்ததென்று பொய் கூறவில்லை. முன்பு கேளாமல் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டோம். அதன்பின் 'நான்' என்பதைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசினோம். அவர் அதுவரை நம்மோடு அவ்வளவு நேரம் பேசியதில்லை.