ஒருநாள் குறைந்திருந்தால்

தண்டனை பெற்றவர் தேர்தலில் நிற்கலாமா என்று டீக்கடை முதல் டிவி விவாதம்வரை பேசுகிறோம். இந்தியாவில் அதற்கு விடை சொல்வது பெரும்பாலும் ஒரே பிரிவுதான்: மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951-இன் எட்டாவது பிரிவு. அதை ஒரு பிரதியாக உட்கார்ந்து வாசித்தவர்கள் நம்மில் குறைவு.

அதற்குள் இரண்டு குரல்கள் கேட்கின்றன. 8(1) ஒழுக்கத்தின் குரல். தீண்டாமை, லஞ்சம், பாலியல் வன்கொடுமை, தேசியக் கொடி அவமதிப்பு என்று குற்றங்களைப் பெயர்சொல்லிப் பட்டியலிடுகிறது; அபராதம் மட்டும் விதித்தாலும் ஆறு ஆண்டு நிற்க முடியாது. 8(3) கணக்குப்பிள்ளையின் குரல். என்ன குற்றம் என்று அது கேட்பதில்லை. இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ சிறை என்றால், தண்டனைக் காலமும் வெளியே வந்தபின் ஆறு ஆண்டும் போச்சு. கொலை அந்தப் பட்டியலில் இல்லை, இந்தக் கணக்கில்தான் மாட்டும். அவதூறும் இதே கணக்கில்தான்.

2023 மார்ச்சில் சூரத் நீதிமன்றம் அவதூறு வழக்கில் ராகுல் காந்திக்கு விதித்தது சரியாக இரண்டு ஆண்டு. அந்தக் குற்றத்துக்கு உச்சபட்சமே அவ்வளவுதான். மறுநாள் எம்.பி. பதவி போனது. ஆகஸ்டில் அதை நிறுத்திவைத்த உச்ச நீதிமன்றம், உச்சபட்சத் தண்டனைக்குக் காரணமே சொல்லப்படவில்லை, ஒருநாள் குறைந்திருந்தால் தகுதி நீக்கமே வந்திருக்காது என்று சுட்டிக்காட்டியது. எல்லையை எங்கேயாவது போட்டுத்தான் ஆகணும், சரி. நிரல் எழுதுகிறவனுக்கு அது புரியும். ஆனால் இந்த எல்லைக்கு அந்தப் பக்கம் வயநாட்டின் லட்சக்கணக்கான வாக்காளர்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

பதவியில் இருப்பவர்களுக்கு 8(4) என்று ஒரு குடை முன்பு இருந்தது. மூன்று மாதத்துக்குள் மேல்முறையீடு செய்தால் பதவி தப்பும். நிற்கப்போகிறவருக்கு அந்தச் சலுகை கிடையாது. லில்லி தாமஸ் வழக்கில் 2013 ஜூலை 10 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. குடையைத் திரும்ப விரிக்க வந்த அவசரச் சட்டத்தைக் கிழித்தெறியணும் என்று அந்த செப்டம்பர் 27 அன்று சொன்னவர் ராகுல் காந்தியேதான். சரியாக ஓராண்டு கழித்து, 2014 செப்டம்பர் 27 அன்று, பெங்களூரு சிறப்பு நீதிமன்றத்தில் ஜெயலலிதாவுக்கு நான்காண்டு சிறை. குடை இல்லாததால் பதவி உடனே போனது.

ஆனால் இந்தப் பிரிவின் உண்மையான சோதனை 2001-தான். டான்சி வழக்கில் அவருக்கு மூன்றாண்டு தண்டனை. உயர் நீதிமன்றம் சிறையை நிறுத்திவைத்தது, குற்றவாளி என்ற முடிவை நிறுத்திவைக்கவில்லை. நான்கு தொகுதிகளில் கொடுத்த வேட்புமனுக்கள் நான்கும் தள்ளுபடி. கட்சியோ ஜெயித்தது. மே 14 அன்று ஆளுநர் பாத்திமா பீவி, உச்ச நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தவர், அவருக்கு முதல்வராகப் பதவிப்பிரமாணம் செய்துவைத்தார். உறுப்பினராக இல்லாதவரும் ஆறு மாதம் அமைச்சராக இருக்கலாம் என்கிற 164(4)-இல், அவர் உறுப்பினராகும் தகுதியுள்ளவராக இருக்கணும் என்று எழுதியிருக்கவில்லை. எழுதாத ஒரு வரியின் வழியாக ஒரு முதல்வர் உள்ளே வந்தார்.

செப்டம்பர் 21 அன்று ஐந்து நீதிபதிகள் அந்த வரியை எழுதினார்கள். பி.ஆர். கபூர் வழக்கின் தலைமைத் தீர்ப்பில் பரூச்சா, அரசியலமைப்போடு பொருந்தும்போதுதான் மக்களின் விருப்பம் செல்லும் என்றார். எனக்கு இது சரி என்றே படுகிறது. மக்கள் பார்த்துக்கொள்வார்கள் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வாக்காளரிடம் இருப்பது ஒரே ஓட்டு. ரோடு, ரேஷன், எதிர்க்கட்சி மீதான கோபம் எல்லாம் அதற்குள்தான் அடங்கணும். டான்சி நிலத்தைப் பற்றி அவரிடம் யாரும் தனியாகக் கேட்கவில்லை.

ஆனால் டிசம்பரில் உயர் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. 2002-இல் ஆண்டிப்பட்டி இடைத்தேர்தலில் வென்று திரும்ப முதல்வரானார். 2003-இல் உச்ச நீதிமன்றம் விடுதலையை உறுதிசெய்துகொண்டே, மனசாட்சியைக் கேட்டுக்கொள்ளுங்கள், நிலத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றும் சொன்னது. குற்றமில்லை என்றால் மனசாட்சி எதற்கு? அந்தத் தீர்ப்பில் எனக்கு இன்றுவரை பிடிபடாத இடம் இதுதான்.

8(3)-இன் கோளாறு தடை அல்ல, அது எதை நம்பி நிற்கிறது என்பதுதான். முதல் நீதிமன்றம் சொல்லும் எண்ணை நம்புகிறது. அதைச் சரிபார்க்க மேல் நீதிமன்றங்கள் எடுத்துக்கொள்ளும் காலம் அதன் கண்ணில் படுவதேயில்லை. மூத்த வழக்கறிஞர் வைக்க முடிந்தவர் முடிவையே நிறுத்திவைத்துக்கொள்ளலாம். பொன்முடிக்கு 2024 மார்ச்சில் அது கிடைத்தது, அமைச்சராகவும் திரும்பினார். ஒரு வார்டு கவுன்சிலருக்கு டெல்லி போக பஸ் காசு யார் கொடுப்பார்? குற்றத்தின் தன்மையை வைத்துத் தடை வரட்டும், மேல்முறையீட்டுக்குக் கெடு வைக்கட்டும்.

சொத்துக்குவிப்பு வழக்கில் கர்நாடக உயர் நீதிமன்றம் 2015 மே மாதம் விடுவித்ததும் ஜெயலலிதா மறுபடி முதல்வரானார், 2016 தேர்தலிலும் வென்றார். அந்த விடுதலை தவறு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2017 பிப்ரவரி 14 அன்று. அவர் இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.