நச்சைப் பற்றும் பாக்டீரியா: காப்ஸ்யூல் எவ்வளவு தூரம் போகும்?

பாக்டீரியாவைச் சூடேற்றிக் கொன்றுவிட்டால் அதன் வேலை முடிந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஃபின்லாந்தின் குவோபியோ பல்கலைக்கழகத்தில் ஹானி எல்-நெசாமியும் சகாக்களும் 1990-களின் பிற்பகுதியில் கண்டது வேறு. லாக்டோபேசில்லஸ் ரம்னோசஸ் இனத்தின் ஜிஜி, எல்சி-705 என்ற இரு வகைகளைப் பூஞ்சை நச்சு கலந்த கரைசலில் விட்டார்கள். நச்சில் சுமார் 80 சதவீதம் வரை அவற்றின்மேல் ஒட்டிக்கொண்டது. சூட்டிலோ அமிலத்திலோ கொன்ற பிறகும் ஒட்டியது. சொல்லப்போனால் இன்னும் நன்றாகவே ஒட்டியது. ஆக, பாக்டீரியா நச்சைத் தின்று செரிக்கவில்லை. அதன் செல்சுவரில் நச்சு போய்ப் பற்றிக்கொள்கிறது, அவ்வளவுதான். கல்லீரலைக் காக்கப் புரோபயாட்டிக் (நன்மை தரும் பாக்டீரியா) என்ற யோசனையின் பலம், பலவீனம் இரண்டுமே இங்கிருந்துதான் தொடங்குகின்றன.

நச்சின் பெயர் அஃப்ளாடாக்சின் பி1. சரியாகக் காயாமல் மூட்டை கட்டிய நிலக்கடலையிலும் மக்காச்சோளத்திலும் ஆஸ்பர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் என்ற பூஞ்சை அதை உண்டாக்குகிறது. வறுத்தாலும் வேகவைத்தாலும் முழுதாக அழியாது. உடலுக்குள் போனதும், அதை வெளியேற்றப் பார்க்கும் கல்லீரல் நொதிகளே அதை இன்னும் மூர்க்கமான வடிவுக்கு மாற்றிவிடுகின்றன. அந்த வடிவம் டிஎன்ஏவில் உள்ள குவானினைப் பிடித்துக்கொள்ளும்போது புற்றுநோய்க்கு வழி திறக்கிறது. ஹெபடைடிஸ் பி தொற்றும் இருந்தால் ஆபத்து பல மடங்கு. அளவு மிகுந்தால் புற்றுநோய் வரை காத்திருக்கவே வேண்டாம். 1974-இல் ராஜஸ்தான், குஜராத் மாநிலங்களின் பழங்குடிக் கிராமங்களில் பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தை உண்டு 106 பேர் இறந்தனர். 2004-இல் கென்யாவில் 125 பேர்.

நச்சைப் பாக்டீரியாவில் ஒட்டவைக்கும் உத்திக்கு ஆதரவான ஆகச் சிறந்த சான்று சீனாவின் குவாங்சோ நகரிலிருந்து 2006-இல் வந்தது. ஆரோக்கியமான 90 இளைஞர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு எல்சி-705 வகையும் புரோபியோனிபாக்டீரியமும் சேர்ந்த காப்ஸ்யூலையும் மற்றதற்கு வெற்றுக் காப்ஸ்யூலையும் ஐந்து வாரம் கொடுத்தார்கள். டிஎன்ஏவில் ஒட்டிய நச்சு குவானினோடு சேர்ந்து கழன்று சிறுநீரில் வெளியேறும். அந்தத் துணுக்கின் அளவு மூன்றாம் வாரத்தில் 36 சதவீதமும் ஐந்தாம் வாரத்தில் 55 சதவீதமும் குறைந்திருந்தது. சோதனைக்குழாயில் கண்டதை மனிதரிடம் காட்டியது மட்டுமல்ல, அளக்க வேண்டியதையே அளந்தது இந்த ஆய்வின் பெருமை. எவ்வளவு நச்சு உள்ளே போனது என்பதைவிட, எவ்வளவு நச்சு மரபணுவைத் தொட்டது என்பதல்லவா முக்கியம்?

ஆனால் சிறுநீரில் ஒரு துணுக்கு குறைவது வேறு, புற்றுநோய் குறைவது வேறு. கல்லீரல் புற்று உருவாகப் பல ஆண்டுகள் ஆகும். ஆய்வு நடந்ததோ ஐந்தே வாரம். அதுவும் திடகாத்திரமான இளைஞர்களிடம். இன்னொரு சங்கடமும் உண்டு. சீனாவின் சிடோங் வட்டாரத்தில் 180 பேருக்குக் குளோரோஃபிலின் என்ற பச்சை நிறப்பொருளை நாலு மாதம் கொடுத்துப் பார்த்தபோதும் இதே துணுக்கு இதே 55 சதவீதம் குறைந்தது. கானாவில் ஒருவகைக் களிமண் காப்ஸ்யூலும் நச்சளவைக் குறைத்தது. நச்சைக் குடலிலேயே மடக்கிப்போட முடியும் என்பது உறுதிதான். அதற்குப் பாக்டீரியாதான் வேண்டும் என்பது உறுதியில்லை.

பிடிப்பின் இயல்பும் யோசிக்க வைக்கிறது. ஒட்டிய நச்சைத் திரும்பத் திரும்பக் கழுவினால் ஒரு பகுதி கழன்றுவிடுகிறது. அஃப்ளாடாக்சினைச் சிறுகுடலின் மேற்பகுதி விரைவாக உறிஞ்சிவிடும். எனவே பாக்டீரியா உணவோடு சேர்ந்து, ஏராளமான எண்ணிக்கையில், அங்கே இருந்தாக வேண்டும். குவாங்சோவில் கொடுத்தது நாளொன்றுக்குச் சில ஆயிரம் கோடி. காலையில் ஒரு காப்ஸ்யூலை விழுங்கிவிட்டு இரவு தின்னும் கடலைச் சட்னிக்கு அதைக் காவல் வைக்க முடியாது. எல்லா வகையும் ஒன்றுபோல் பற்றுவதும் இல்லை. கடையில் ‘புரோபயாட்டிக்’ என்று எழுதி விற்கும் பாட்டிலில் எந்த வகை இருக்கிறது என்று பார்க்காமல் ‘ஈரலுக்கு நல்லது’ என்பது வெறும் வியாபாரப் பேச்சு.

அப்படியானால் வீட்டுத் தயிர்? அங்கேதான் கதை சற்றுக் கோணலாகிறது. பூஞ்சை பிடித்த பிண்ணாக்கைத் தின்ற மாடு நச்சை எம்1 என்ற வடிவில் பாலில் இறக்கிவிடும். 2018-இல் இந்தியா முழுவதும் எடுத்த 6,432 பால் மாதிரிகளில் 5.7 சதவீதத்தில் எம்1 வரம்பை மீறியிருந்தது. மீறல் அதிகம் தென்பட்ட மாநிலங்களில், எண்ணிக்கைப்படி தமிழ்நாடு முதலிடம், 551 மாதிரிகளில் 88. பாலைக் காய்ச்சினால் எம்1 போகாது. உறை ஊற்றினால் மட்டும் போய்விடும் என்று நம்பவும் இடமில்லை. காவலுக்கு அனுப்பும் கிண்ணத்திலேயே திருடனும் உட்கார்ந்திருக்கலாம்.

கென்யாவில் நடந்த சிறு முயற்சிக்குக் கூடுதல் மதிப்பெண் தரலாம். காப்புரிமை காலாவதியான ஜிஜி வகையை மலிவான பொட்டலமாக்கி, உள்ளூரிலேயே யோகர்ட் செய்து, கிழக்குக் கென்யாவின் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். சிறுநீரில் நச்சின் தடயம் குறைந்தது. முன்னோட்ட ஆய்வுதான். ஆனாலும் மருந்துக்கடைப் பண்டம் பள்ளிக்கூடத்து உணவாக மாறியதும் கேள்வியே மாறிவிடுகிறது: பிள்ளைகளுக்கு ஊட்டமும் கிடைக்கிறது, நச்சு குறைந்தால் அது உபரி லாபம்.

இதற்கு எதிரில் வைத்துப் பார்க்க வேண்டியது 2005-இல் வெளியான கினியா ஆய்வு. பத்துக் கிராமங்களில் விவசாயிகளுக்குக் கற்றுக்கொடுத்தவை இவைதான்: சொத்தைக் கடலையைக் கையால் பொறுக்கு, மண்தரையில் போடாமல் பாயில் காயவை, சணல் சாக்கில் கட்டு, மரச்சட்டத்தின் மேல் அடுக்கு. அறுவடை முடிந்து ஐந்து மாதத்தில் அவர்கள் இரத்தத்தில் நச்சின் அளவு, இந்தப் பயிற்சி இல்லாத கிராமங்களில் இருந்ததில் பாதிகூட இல்லை. சிடோங்கில் இன்னும் பெரிய மாற்றம் நடந்தது. 1980-களில் அங்கே மக்காச்சோளத்தை விட்டு அரிசிக்கு மாறினார்கள். 35 வயதுக்குட்பட்டவர்களிடையே கல்லீரல் புற்று இறப்பு பாதிக்கும் மேல் சரிந்தது. பச்சிளங்குழந்தைகளுக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடும் வழக்கம் வருவதற்கு முன்பே பிறந்தவர்கள் அவர்கள்.

காப்ஸ்யூலுக்குச் செலவாகும் பணத்தில் பாயும் சாக்கும் வாங்கலாம் என்பது சரியான வாதமே. மழை தப்பி, இருக்கிற ஒரே மூட்டைச் சோளமும் பூஞ்சை பூத்து, வேறு தானியம் வாங்க வழியில்லாத வீட்டில் மட்டும் அது எடுபடாது. அங்கே நச்சைத் தெரிந்தே தின்கிறார்கள். பாக்டீரியாவை நீண்ட காலம் சோதித்துப் பார்க்க வேண்டிய இடமும் அதுதான்: ஹெபடைடிஸ் பி உள்ளவர்களிடம், தினமும் சோளக் களியோடு, சில வாரமல்ல, சில ஆண்டுகள்.