கட்டக்கோரையும் கிரீன் டீயும்

மண்டபம் கடற்கரைக் கட்டக்கோரை, பக்கோடா பாசி பற்றிய ஆய்வுக் கட்டுரைகள் பலவற்றில் ஒன்று உறுத்துகிறது. டிபிபிஹெச் சோதனையில் ஊதா நிறம் வெளிறினால் போதும், முடிவுரையில் மருந்தாகிவிடுகிறது. டிபிபிஹெச் உடம்பிலேயே இல்லாத செயற்கைப் பொருள். எங்க துறையில் "என் மெஷின்ல ஓடுச்சே" என்பது மாதிரிதான்.

கிரீன் டீயின் இஜிசிஜி இந்தப் பாதையில் முன்பே போன பாலிஃபீனால். செல் வளர்ப்புத் தட்டில் 10 முதல் 100 மைக்ரோமோலார் வரை ஊற்றுவார்கள். டீ குடித்தவர் ரத்தத்தில் பொதுவாக 1கூடத் தேறாது. மாத்திரையாக நாளுக்கு 800 மில்லிகிராமுக்குப் போனால் கல்லீரல் நொதிகள் ஏறுவதை 2018இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் சுட்டிக்காட்டியது.

பாம்பன் அத்தை கேட்டார்: "பாசிப் பொடி சாப்பிட்டா சுகர் மாத்திரைய விட்டுரலாமாப்பா?"

"விட்றாதீங்க அத்தை."

ரத்தத்தில் எவ்வளவு சேரும் என்பதையும் முடிவுரையில் ஒரு வரி எழுதுங்கள். அதைப் படிப்பது ஆய்வாளர்கள் மட்டும் இல்லை.