வாக்குத்தத்த அட்டை

டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையில் கொடுக்கும் வாக்குத்தத்த அட்டை எனக்கு மிகவும் பிடிக்கும். உள்ளங்கையளவுத் தாள், ஒரு பூப்படம், ஒரே வசனம். வருடம் முழுக்க வேதாகமத்துக்குள்ளேயே இருக்கும். அதில் அடிக்கடி வருவது எரேமியா 29:11. தேவனுடைய திட்டம் நம் நன்மைக்கே என்று தேற்றும் வசனம். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா அனுப்பிய கடிதத்தில் வருகிறது அது. முந்தைய வசனமோ ஊர் திரும்ப 70 ஆண்டு ஆகும் என்கிறது! கேட்டவர்களில் பெரியவர்கள் பலர் ஊர் திரும்பியிருக்கவே முடியாது. அவர்களிடம்தான் எரேமியா வீடு கட்டச் சொல்கிறார், தோட்டம் போடச் சொல்கிறார், சிறைவைத்த பட்டணத்துக்காகவும் ஜெபிக்கச் சொல்கிறார். காத்திருக்கும் காலத்தையும் தேவன் வாழக் கொடுத்திருக்கிறார் என்பதே எனக்குப் பெரிய ஆறுதல். இந்த வசனம் கிடைத்தவர்கள் தயவுசெய்து அந்த அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து வாசியுங்கள்.