ஒப்பாரிக்கு யார் பேரைப் போடுவது?

நாட்டுப்புறப் பாட்டு என்றாலே 'ஆசிரியர் பெயர் தெரியாதது' என்று பண்டிதர்கள் இலக்கணம் சொல்லிவிடுவார்கள். எம்.ஏ. வகுப்பில் நானும் அதைத்தான் மனப்பாடம் பண்ணினேன். பெயர் தெரியாமல் போனதா, யாரும் கேட்காமல் விட்டதா? 2021 மார்ச் 7-ல் மாஜா நிறுவனம் யூடியூபில் வெளியிட்ட 'என்ஜாய் எஞ்சாமி' இந்தக் கேள்வியை நடுத்தெருவுக்குக் கொண்டுவந்தது.

கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் மேடையிலிருந்து வந்த அறிவும், தீயும் சேர்ந்து பாடியது. தயாரித்தவர் சந்தோஷ் நாராயணன். அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பியவர். 1948-ல் குடியுரிமை பறிக்கப்பட்டு, 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவின் பங்கு 5,25,000 பேர் என்று தலையெண்ணிப் பிரிக்கப்பட்ட சனத்தின் கதை அது. காடு திருத்தினவருக்குக் காணி இல்லை. பாட்டின் உயிர் இதுதான்.

ஒப்பாரியும் ஆட்டமும் ஒரே பாட்டில் எப்படி என்று சிலர் வியந்தார்கள். சாவுக்கும் பறையடித்து ஆடுகிற சனத்துக்கு இதில் என்ன வியப்பு? எங்கள் வேலப்பன்சாவடியில் நெடுஞ்சாலையோரக் கல்யாண மண்டபங்களிலும் இந்தப் பாட்டு அலறியது. ஆடினவர்களில் பலருக்கு அது வெறும் இயற்கைப் பாட்டு. இதில் பாட்டுக்கும் பங்குண்டு. முன்னோர், மண் என்று பொதுவில் பேசுவதால், நிலம் வைத்திருக்கிறவனும் தன் தாத்தனை நினைத்து ஆடிவிட்டுப் போகலாம். நிலத்தைப் பிடுங்கினவன் யார் என்பதைப் பாட்டு உரக்கச் சொல்லவில்லை.

வெற்றிக்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். 2021 ஆகஸ்ட்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டையில் தீ இருந்தார், அறிவு இல்லை. பா. ரஞ்சித் கண்டித்தார். பிறகுதான் அறிவுக்கு இணைய அட்டை வந்தது. 2022 ஜூலை 28, சென்னை சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் பாடினார்கள். அறிவு வெளிநாட்டில் இருந்தார் என்று விளக்கம் சொல்லப்பட்டது. இசையும் சொல்லும் என்னுடையது என்றார் அறிவு. இசையமைத்தது நான், வருமானமும் உரிமையும் மூவருக்கும் சமம் என்றார் சந்தோஷ் நாராயணன். 2024 மார்ச்சில் அவரே, நிறுவனத்திடமிருந்து ஒரு காசும் வரவில்லை என்று அறிவித்தார். காணி இல்லாதவர் பாட்டுக்குக் கூலியும் இல்லை!

யார் பக்கம் நியாயம் என்பதோடு இது முடியாது. மெட்டுக்கு ஒருவர், சொல்லுக்கு ஒருவர், குரலுக்கு ஒருவர் என்பது வியாபாரத்தின் பாகப்பிரிவினை. இழவு வீட்டில் மாரடித்து அழுகிற ஆயா மூன்றையும் ஒரே மூச்சில் செய்கிறாள். சட்டமும் அவளைப் பார்த்ததில்லை. 1994 திருத்தம் வரைக்கும், எழுதியோ அச்சிட்டோ இருந்தால்தான் அது 'இசைப் படைப்பு' என்றது இந்தியப் பதிப்புரிமைச் சட்டம். எழுத்து மறுக்கப்பட்ட சனத்தின் இசை, சட்டத்தின் கண்ணில் இசையே இல்லை. பாடுகிறவருக்கு நிகழ்த்துநர் உரிமை வந்ததும் அந்தத் திருத்தத்தில்தான்.

அறிவு சண்டை போட்டதால் அவர் பேர் நின்றது. அவருக்கு முன்னால் அழுது பாடினவர்கள் பேர் எங்கே? பக்கத்துத் தெரு ஆயா ஒருத்தி சொன்னாள்: "நாங்க பாடுனா இழவு, அவுங்க பதிஞ்சா பாட்டு."

தோழர்களே, பாட்டு சேகரிக்கக் கருவியோடு போகிறவர்கள் பொத்தானை அமுக்குமுன் பாடுகிறவர் பேரைக் கேட்டு எழுதுங்கள். காசு வந்தால் யாருக்குப் போகும் என்பதையும் அப்போதே பேசி எழுதுங்கள். 'நாட்டுப்புறம்' என்று மட்டும் போட்டு அச்சுக்கு அனுப்பாதீர்கள்.